நிமிடத்துக்கு 28,000 சுற்றில் ஒடிந்த கனெக்டிங் ராடு: 2.5 சிசி மாடல் எஞ்சின் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவை கணபதியில் உள்ள ஒரு சிறு டூல்ரூமுக்கு வந்த வேலை இது. பம்பு உதிரிகளுக்கும் நூற்பாலை மெஷின்களுக்கும் ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் செய்து தருவதுதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. மாடல் விமான எஞ்சின் எங்களுக்குப் புதிது. ஆனால் மைக்ரான் கணக்கில் ஃபிட்டிங் பார்ப்பது புதிதல்ல என்பதால் வேலையை ஏற்றுக்கொண்டோம்.

எஞ்சினைக் கொண்டுவந்தவர் முப்பது வயதைத் தாண்டியவர். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது கண்ட்ரோல் லைன் மாடல் ஓட்டிப் பழகியவர். கண்ட்ரோல் லைன் என்றால் விமானம் இரும்புக் கம்பியின் முனையில் வட்டமடிக்கும். ஓட்டுபவர் நடுவில் கைப்பிடியோடு சுழல்வார். அவருக்குப் பிடித்தது வேகப் பிரிவு. சர்வதேச எஃப்2ஏ பிரிவில் கம்பியின் ஆரம் 17.69 மீட்டர், ஒன்பது வட்டம் அடித்தால் சரியாக ஒரு கிலோமீட்டர். அதே அளவுக் கம்பியில்தான் இவரும் பழகிவந்தார்.

எஞ்சின் 2.5 சிசி, டூ ஸ்ட்ரோக், குளோ பிளக், பின்பக்க எக்ஸாஸ்டில் டியூன்டு பைப் (புகை அலைகளைத் திருப்பி அனுப்பிச் சக்தியைக் கூட்டும் குழாய்). போர் 15 மி.மீ., ஸ்ட்ரோக் 14 மி.மீ. வெளிநாட்டுத் தயாரிப்பு, உற்பத்தி நின்று பல வருடங்கள் ஆகின்றன, உதிரி கிடைப்பதில்லை. பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் தண்டுதான் கனெக்டிங் ராடு. கம்பெனியில் போட்டுவந்தது தேய்ந்ததும், வேறொரு பட்டறையில் அலுமினியத்தில் ஒன்று செய்து மாட்டியிருக்கிறார். அது முக்கால் மணி நேரம்கூட ஓடவில்லை. பறந்துகொண்டிருக்கும்போதே கீழ்க்கண் (கிராங்க் பின்னில் மாட்டும் கீழ்முனை வளையம்) ஒடிந்து, துண்டு கிராங்க்கேசின் உள்சுவரில் ஒரு கீறல் போட்டுவிட்டது. லைனருக்கும் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) பிஸ்டனுக்கும் அடிபடவில்லை.

அவர் கேட்டது எளிமையான ஒன்று: இதே ராடை ஒரு மி.மீ. தடிமன் கூட்டி, முடிந்தால் ஸ்டீலில் செய்து தர வேண்டும்.

கழற்றிப் பார்த்தபோது

எங்கள் மூத்த மெஷினிஸ்ட் ஒடிந்த துண்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு கிராங்க் ஷாஃப்டைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

“ஏனுங்ணா, ஸ்டீல்லயே போட்டுட்டா ஒடையாதில்லீங்க?” என்று எஞ்சின்காரர் கேட்டார்.

“கனத்தை ஏத்துனா ஒடைக்கிற சக்தியும் கூடவே ஏறும் தம்பி. ராடு கடைசியா ஒடைஞ்சது. மொதல்ல கெட்டது எதுன்னு பாக்கலாம், அந்தப் பின்னக் குடுங்க.”

கிராங்க் பின்னின் அளவு 5 மி.மீ. நான்கு திசையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்ததில், வெளிப்பக்கம் மட்டும் 0.02 மி.மீ. தேய்ந்து, கிராங்க் பின்னே வட்டம் தப்பியிருந்தது. அதைவிட முக்கியமானது அதன் நிறம். பின்னின் மேற்பரப்பில் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு பட்டை ஓடியது. ஸ்டீல் டெம்பர் செய்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். கிட்டத்தட்ட 270 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் அது வரும். அந்தச் சூட்டில் பெரும்பாலான அலுமினியக் கலவைகள் தம் பலத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை ராடின் கீழ்க்கண்ணில் இருந்தது. அலுமினியக் கண்ணுக்குள் ஒரு வெண்கல புஷ், அதாவது உரசலைத் தாங்கும் உள்வளையம், அழுத்தப்பட்டிருந்தது. கண்ணின் அடியில் ஒரு எண்ணெய்த் துளை. புஷ்ஷிலும் அதற்கு நேராக ஒரு துளை. ஒடிந்த துண்டுகளைப் பொருத்தி வைத்துப் பார்த்தபோது இரண்டு துளையும் நேராக இல்லை. புஷ் கண்ணுக்குள்ளேயே திரும்பி, எண்ணெய் வழியைத் தானே மூடியிருந்தது. புஷ்ஷின் வெளிப்புறத்தில் அலுமினியம் பூசினாற்போல் ஒட்டியிருந்தது, அது சுழன்றதற்குச் சாட்சி.

ஏன் திரும்பியது என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. ஒடியாத பக்கத்தில் அளந்ததில் புஷ்ஷுக்குக் கொடுத்திருந்த இறுக்கம் ஏறக்குறைய 6 மைக்ரான். அலுமினியம் வெண்கலத்தைவிட அதிகம் விரியும். ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரானும் 18 மைக்ரானும் என்று வைத்துக்கொள்ளலாம். 7 மி.மீ. விட்டமுள்ள புஷ் 130 டிகிரி சூடேறினால், கண் புஷ்ஷைவிட நாலரை மைக்ரான் கூடுதலாக விரிந்துவிடும். மிச்சம் ஒன்றரை மைக்ரான். அதை நம்பி எந்த புஷ்ஷும் நிற்காது.

எஞ்சின்காரரிடம் பேசியதில் இன்னொன்றும் வெளிவந்தது. வேகம் கூடட்டும் என்று எரிபொருளில் எண்ணெயை 20 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்திருக்கிறார். மெத்தனால் டப்பா மாதக்கணக்கில் அரைகுறையாகத் திறந்து கிடந்திருக்கிறது. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. பின்பக்க பேரிங்கின் வளையத்தில் துருப்புள்ளிகள் தெரிந்ததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும்.

காற்றில் உண்மையில் எத்தனை சுற்று

பெஞ்சில் சுற்றை அளக்கும் ஆப்டிகல் டாக்கோமீட்டர் வைத்து அவர் குறித்திருந்த அளவு 24,500. முந்தைய பட்டறையும் அந்த எண்ணை மனதில் வைத்துத்தான் ராடு செய்திருக்கிறது. ஆனால் பறக்கும்போது புரொப்பெல்லரின் சுமை குறையும், டியூன்டு பைப்பும் தன் அலைவரிசைக்கு வந்து சேரும், சுற்று மேலே ஏறும். எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் வரைபடம் போட எங்களுக்கு மனமில்லை.

கண்ட்ரோல் லைனில் இதை அளப்பதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. விமானம் எப்போதும் ஓட்டுபவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்கும். நெருங்கி வருவதோ விலகிப் போவதோ இல்லை. அதனால் நடுவில் நின்று ஒலியைப் பதிவு செய்தால் டாப்ளர் விளைவால் சுருதி ஏறி இறங்காது. அவர் சட்டைப்பையில் போனை ரெக்கார்டிங்கில் போட்டுக்கொண்டு, கம்பெனி ராடு மாட்டிய, அதே ரகத்தைச் சேர்ந்த தன் இன்னொரு பழைய எஞ்சினைப் பறக்கவிட்டார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கும். ஆகவே ஒலியின் ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கினால் சுற்று கிடைத்துவிடும். ஒலிக்கோட்டில் 467 ஹெர்ட்ஸ் நிலையாக நின்றது, அதாவது 28,000 சுற்று. டாங்க் தீரும் கடைசி வட்டத்தில் அது 497-க்குத் தாவி, பிறகு அணைந்தது. கிட்டத்தட்ட 29,800.

இந்தக் கடைசித் தாவல்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய துப்பு. பிஸ்டனும் அதன் பின்னும் சேர்ந்து 4.1 கிராம். 28,000 சுற்றில் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 7,800 மடங்கு. அந்த 4.1 கிராம் அந்த நொடியில் 32 கிலோவாக ராடை மேலே இழுக்கிறது. வெடிப்பு நடக்கும்வரை வாயு அழுத்தம் மேலிருந்து பிஸ்டனை அழுத்தி, இந்த இழுவையை விழுங்கிவிடும். எரிபொருள் தீர்ந்து, கலவை மெலிந்து, சுற்று எகிறி, வெடிப்பு நின்றுபோகும் கணத்தில் அந்தக் காப்பு போய்விடுகிறது. கூடவே எண்ணெயும் நின்றுபோகிறது, ஏனென்றால் எண்ணெய் எரிபொருளில் கரைந்துதான் உள்ளே வருகிறது. பழைய ராடு ஒடிந்ததும் டாங்க் தீரும் வேளையில்தான் என்று அவர் நினைவுகூர்ந்தார். சுமை சுற்றின் இருமடிப்பில் ஏறும். பெஞ்சில் பார்த்த 24,500-ஐவிட 29,800-இல் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

அப்படியும் பலம் போதாமல் ஒடிந்தது என்று சொல்ல முடியவில்லை. ராடின் உடலில் குறுக்குப் பரப்பு 20 சதுர மி.மீ. உச்ச இழுவையில்கூட ஒரு சதுர மி.மீ.க்கு இரண்டு கிலோ வராது. 7075 என்னும் உயர்பல அலுமினியக் கலவை ஐம்பது கிலோ வரை தாங்கும். எண்ணெய் நின்று, சூடேறி, அலுமினியம் இளகி, இடைவெளி பெருகி, ஒவ்வொரு சுற்றிலும் சுத்தியல் அடி வாங்கி ஒடிந்திருக்கிறது. தடிமனைக் கூட்டியிருந்தால் இதில் எதுவும் மாறியிருக்காது.

எடுத்த முடிவுகள்

ஸ்டீல் ராடு வேண்டாம் என்று முடிவானது. அலுமினியத்தைப் போல் அதன் எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தக் கூடுதல் எடையைக் கிராங்க் பின்னும் பேரிங்கும்தான் சுமக்க வேண்டும். டைட்டானியமும் பேச்சில் வந்தது. பூச்சு இல்லாத டைட்டானியம் உரசுமிடத்தில் ஒட்டிப் பிடிக்கும் குணமுள்ளது என்பதால் அதையும் விட்டோம். 7075-டி6 தகடு (டி6 என்பது வெப்பத்தால் பலமேற்றிய பதம்), டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு வாங்கினோம். பழைய கடையில் எடைக்குப் போடும் அலுமினியத்தை இந்த வேலைக்கு நம்பக் கூடாது.

ராடின் நீளம் தகட்டின் உருட்டுத் திசையிலேயே அமையும்படி வெட்டினோம். 26 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைக்கும் ஒரு ஜிக், அதன் பிறகு ரோட்டரி டேபிளில் உருவம். மில்லிங் கட்டரின் குறுக்குக் கோடுகள் ஒன்றுகூட மிஞ்சாமல் நீளவாக்கில் மட்டும் எமரி போட்டு வழவழப்பாக்கினோம், குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் விரிசலுக்கு வாசல் என்பதால். மூலைகள் எல்லாம் உருட்டப்பட்டன. எடை கம்பெனி ராடுக்குச் சமமாகவே நின்றது.

அதிக நேரம் எடுத்தது புஷ்தான். பாஸ்பர் வெண்கலத்தில் கடைந்து, இறுக்கத்தை 20 மைக்ரானாக வைத்தோம். புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து, ராடைச் சூடாக்கி இறக்கினோம். ராடின் சூட்டை 120 டிகிரிக்கு மேல் விடவில்லை. டி6 பதத்துக்கு அலுமினியம் வயதூட்டப்படுவதே அந்த வெப்பத்தில்தான், அதைத் தாண்டினால் பதம் கெடும். இறுக்கத்தை மட்டும் நம்பாமல், பக்கவாட்டில் ராடும் புஷ்ஷும் சந்திக்கும் கோட்டில் ஒரு மெல்லிய துளையிட்டுப் பித்தளைக் கம்பி அடித்துப் பூட்டினோம். இனி புஷ் நினைத்தாலும் திரும்ப முடியாது. எண்ணெய்த் துளை 1.2 மி.மீ., புஷ் ஏறிய பிறகே ராடையும் புஷ்ஷையும் சேர்த்து ஒரே தடவையில் போடப்பட்டது. துளையின் உள்விளிம்பில் பிசிறு நிற்காதபடி, பல்குச்சியின் முனையில் பாலிஷ் தடவித் தேய்த்தார் மெஷினிஸ்ட். நகத்தை வைத்துத் தடவினால் எங்கும் தடுக்கக் கூடாது என்பது அவருடைய அளவுகோல்.

துளை ஏன் கண்ணின் அடியில்? இந்த எஞ்சின் சாதாரணமாக ஓடும்போது ராடு பெரும்பாலும் அழுத்தத்திலேயே இருக்கிறது. அதனால் கிராங்க் பின் பெரும்பாலும் கண்ணின் மேல்பாதியில்தான் அமர்ந்திருக்கும். அடிப்பக்கத்தில் சுமை இல்லை, எண்ணெய் நுழைய இடம் உண்டு. சுமை தாங்கும் பக்கத்தில் துளை போட்டால் எண்ணெய்ப் படலம் அங்கேயே உடைந்துவிடும்.

புது கிராங்க் ஷாஃப்டை இஎன்36 ஸ்டீலில் செய்து, கார்பரைசிங் செய்து (மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கி) கிரைண்ட் செய்யலாம் என்ற யோசனை இருந்தது. செலவு எஞ்சினின் விலையை நெருங்கியதால், இருக்கிற பின்னையே மையம் விலக்கிய ஃபிக்ஸ்சரில் பிடித்து 4.88 மி.மீ.க்கு கிரைண்ட் செய்தோம். கடினத்தன்மை சோதித்ததில் கடினமான மேலடுக்கு (கேஸ்) இன்னும் மிஞ்சியிருந்தது. பின்னின் அடியில் 0.5 மி.மீ. ஆரம் அப்படியே நிறுத்தப்பட்டது. புஷ்ஷின் விளிம்பு அந்த ஆரத்தில் ஏறி உட்காராதபடி அதற்கேற்ற சாம்ஃபர். புஷ்ஷுக்கும் பின்னுக்கும் இடைவெளி 0.035 மி.மீ. பம்பு வேலைக்காரர் கண்ணுக்கு இது தொளதொளப்பாகத் தெரியும். இந்தச் சுற்றில் எண்ணெய் உள்ளே போய் வெளியே வந்து சூட்டையும் எடுத்துப்போக இவ்வளவு தேவை.

எரிபொருள் மறுபடி மெத்தனால் 80, எண்ணெய் 20. எண்ணெயில் 12 பங்கு ஆமணக்கு, 8 பங்கு சிந்தெட்டிக். மெலிந்த கலவையில் சூடு எகிறும்போது சிந்தெட்டிக் எரிந்துபோகும் இடத்திலும் ஆமணக்கு ஒட்டிநின்று காக்கும். பிஸ்டனில் பழுப்புப் படலம் படியும், அதைத் துடைத்துக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காய்ச்சிய விளக்கெண்ணெய் கூடாது, குளிர்முறையில் பிழிந்து பசை நீக்கியதுதான் வேண்டும் என்று சொன்னோம். மெத்தனால் சிறு கொள்கலன்களில், காற்றுப் புகாமல். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும் விஷம் என்பதால், கலக்கும் வேலையைக் கையுறையோடு திறந்தவெளியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

டாங்க் தீரும்வரை ஓடவிடும் பழக்கத்தை நிறுத்துவது கடைசி முடிவு. எஃப்1சி என்னும் ஃப்ரீ ஃபிளைட் பிரிவில் எஞ்சினை எரிபொருளால் மூழ்கடித்து நிறுத்தும் முறை உண்டு. அதையே இங்கும் பொருத்தினார் எஞ்சின்காரர். எஞ்சின் நிற்கும் கணத்தில் சுற்று எகிறாது. உள்ளே எண்ணெயும் நிறைய இருக்கும்.

பின்பக்க பேரிங்கை மாற்றலாம் என்று நாங்கள் சொன்னோம். துருவைத் துடைத்து, கழுவிச் சுற்றிப் பார்த்ததில் சத்தம் எதுவும் இல்லை. செலவு ஏற்கெனவே கூடியிருந்ததால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர்.

ஓடவிட்ட விதம்

இது ஏபிசி வகை எஞ்சின்: குரோம் பூசிய பித்தளை லைனர், அலுமினியப் பிஸ்டன். லைனரின் மேல்பகுதி கூம்பாகக் குறுகும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் மேலே இறுகி நிற்கும், சூடேறிய பிறகுதான் சரியான இடைவெளி வரும். எரிபொருளை மிக அதிகமாக விட்டு, எஞ்சினைக் குளிர்ச்சியாகவே மணிக்கணக்கில் ஓட்டிப் பழக்குவது இரும்பு லைனருக்குப் பொருந்தும். ஏபிசியில் அதே வேலை மேல்முனை இறுக்கத்தைத் தின்றுவிடும். எனவே ஹீட் கன்னால் தலைப்பகுதியை முன்கூட்டியே சூடாக்கி, சற்றே கொழுத்த கலவையில் சிறுசிறு ஓட்டம், இடையில் முழுக்க ஆறவிடுவது என்று போனார்கள். பெஞ்சில் ஓடும்போது புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாரும் நிற்கவில்லை. எரிபொருள் அளவைத் திருத்தும் நீடிலைப் பின்பக்கமிருந்துதான் திருகினார்கள்.

பின்விளைவு

முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தபோது பின்னில் நிறமாற்றம் இல்லை, புஷ் இம்மியும் திரும்பவில்லை, துளை நேராக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் புஷ்ஷின் தேய்மானம் 8 மைக்ரான். சட்டைப்பை ஒலிப்பதிவில் 467 ஹெர்ட்ஸ் அருகிலேயே கோடு நின்றது. முடிவில் தாவல் இல்லை. கூடுதல் எண்ணெயால் ஒன்பது வட்டத்தின் நேரம் கால் விநாடி போல் கூடியது. அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவது மணி நேரத்தில் பழைய பேரிங்கின் தகட்டுக் கூண்டு உடைந்தது. ராடுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இவ்வகை எஞ்சினில் கிராங்க்கேசில் விழும் எதுவும் காற்றோடு சேர்ந்து மேலே லைனருக்குப் போய்ச்சேரும். குரோமில் இரண்டு கோடுகள் விழுந்தன, கம்ப்ரஷன் இறங்கியது. லைனரை லாப்பிங் செய்து, அதற்கேற்றபடி உயர் சிலிக்கான் கலவையில் புதுப் பிஸ்டன் கடைந்து கொடுத்தோம். அதன் செலவு, ராடு, கிராங்க் பின் இரண்டின் செலவையும் தாண்டியது. பேரிங் இருந்த இடத்தில் 12×24×6 அளவில் 6901 பேரிங், சி3 இடைவெளி (சாதாரணத்தைவிடச் சற்றுக் கூடுதல்), பாலிஅமைடு கூண்டோடு போடப்பட்டது. ஒவ்வொரு நாளும் பறப்பு முடிந்ததும் மிச்ச மெத்தனாலை வெளியேற்றி, உள்ளே எண்ணெய் விட்டுச் சுற்றிவைக்கிறார். துரு திரும்ப வரவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

இதேபோல் இன்னொரு எஞ்சின் வந்தால் ராடைத் தொடுமுன் பின்பக்க பேரிங் மாற்றப்படும்; அதற்கு ஒப்பாதவருக்கு ராடு செய்து தருவதில்லை என்று டூல்ரூமில் பேசி வைத்திருக்கிறோம். பேரிங்கின் விலை பிஸ்டனின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஒலிப்பதிவு முதல் வேலையாக வரும். காற்றில் ஓடும் சுற்று தெரியாமல் இடைவெளியையோ எடையையோ தீர்மானிக்க முடியாது.

ராடை ஒற்றையாகச் செய்தது விரயம். ஜிக் தயாராக இருக்கும்போது நான்கைந்து சேர்த்துச் செய்தால் ஒன்றின் கூலி பாதிக்கும் கீழே வரும், எடையில் நெருங்கியவற்றைத் தேர்ந்தும் எடுக்கலாம். இப்போது எஞ்சின்காரரிடம் ஓட்ட நேரம் குறிக்கும் அட்டை ஒன்று இருக்கிறது. ஐந்து மணி நேரத்தில் ராடு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என்று அதில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கழற்றிய ராடுகளை வெட்டிப் பார்த்தால்தான் ஐந்து என்பது குறைவா அதிகமா என்று தெரியும். அடுத்த தொகுதியில் பாதி ராடுகளுக்கு இடைவெளியை 0.035-லிருந்து 0.045 ஆக்கி, இரண்டு வகையும் எப்படித் தேய்கின்றன என்று ஒப்பிட இருக்கிறோம்.